ஒப்பு

மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து. தமிழில் அதே சொல்லுக்கு இசைவு, நிகர் என்று பொருள். திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தின் தெருக்களில் நாங்கள் பேசும் தமிழுக்கு இந்த வேறுபாடு தெரியாது. பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டானாலும் மணியார்டர் ஃபாரமானாலும் "ஒப்பு போட்டாச்சா?" என்றுதான் அம்மா கேட்பாள். காகிதத்தில் பெயரை எழுதுகிறவன் அதில் சொல்லியிருப்பதற்கு இசைகிறான், அதனால் வருவதையும் ஏற்கிறான். எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் இருந்தது. போன கர்க்கடக மாதத்திலிருந்து, அதாவது ஆடியிலிருந்து, அந்தச் சொல் என்னை விடவில்லை.

அந்த மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பதறும் பெண் குரல். பெங்காளிகள் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், பக்கத்து வார்டில் இரண்டு குழந்தைகளைக் காணவில்லை, எல்லாருக்கும் அனுப்புங்கள். எந்த வார்டு, யார் வீட்டுக் குழந்தை, பேசுவது யார் என்று ஒன்றும் இல்லை. இங்கே பெங்காளி என்ற சொல் வங்காளத்தவரை மட்டும் குறிப்பதல்ல. ஒடிசாக்காரர், அசாம்காரர், பீகாரி எல்லாருக்கும் அதுவே பெயர். எங்கள் தெருக் கோடியில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் அப்படிப் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். எட்டு மணிக்கு அந்த வாசலில் ஏழெட்டு ஆண்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். இருவர் என் மகனோடு படித்தவர்கள். ஒருவர் கையில் டார்ச், இன்னொருவர் கையில் மடக்கிய குடை. மழை பெய்துகொண்டிருக்கும்போது அவர் குடையை மடக்கிப் பிடித்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நானும் போய்ப் படியேறி, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். உள்ளே சோறு வெந்துகொண்டிருந்த வாசனை வந்தது. பேச்சுச் சத்தம் நின்றிருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து கேட்டேன். அப்படி ஒரு புகாரும் வரவில்லை என்றார்கள். அரை மணி நேரத்தில் மழை வலுத்தது. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தை என்னால் இன்னும் தாண்டி வர முடியவில்லை.

அந்த வீட்டைப் பற்றி உண்மையான குறைகள் இருக்கின்றன. பதினெட்டுப் பேருக்கு ஒரு கக்கூஸ். செப்டிக் டேங்க் நிரம்பி, மழைக்காலத்தில் ஓடைக்குள் வழிகிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில், ஒரு காண்ட்ராக்டர் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறார். யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற விவரம் ஸ்டேஷனில் இல்லை. மறுநாள் கூட்டத்துக்குச் சொல்லியனுப்பினோம். 140 வீடுகள் உள்ள சங்கத்தில் 11 பேர் வந்தார்கள். இந்தக் குறைகளை ஒரு தாளில் எழுதிக் கார்ப்பரேஷனுக்கும் போலீசுக்கும் கொடுப்போம், எல்லாரும் ஒப்பு போடுங்கள் என்றேன். "சாமி, பேர் வெச்சு எழுதினா நாளைக்கு அந்த வீட்டுக்காரன் நம்மளைப் பிடிப்பான்" என்றார் ஒருவர். முந்தின நாள் அந்தக் குரல் பதிவைத் தன் உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பியவர் அவர். நான்கு ஒப்புகள் கிடைத்தன. அவற்றில் இரண்டு என்னுடையதும் என் மனைவியுடையதும்.

சாமி என்று அவர் கூப்பிட்டதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு தலைமுறையாக ஸ்ரீவராகத்துக் குளக்கரையில் இருக்கிறோம். இன்றும் நேரில் சாமி. நாங்கள் இல்லாத இடத்தில் பட்டர். பழைய சர்க்கார் காகிதங்களில் எங்களுக்கு இன்னொரு பெயர் இருந்தது: பரதேசிப் பிராமணர். என் கொள்ளுத்தாத்தா கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தது சோற்றுக்காக என்று வீட்டில் ஒளிக்காமல் சொல்வார்கள். திருவிதாங்கூரில் வழிநெடுக ஊட்டுப்புரைகள் இருந்தன. பிராமணன் என்றால் சாப்பாடு இலவசம். பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் முறைஜபம் நடக்கும்போது கிழக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கச்சேரிகளில் கணக்கெழுத உட்கார்ந்தார்கள். கொள்ளுத்தாத்தாவும் அப்படித்தான் உட்கார்ந்தார். பிறகு மச்சினனை அழைத்துக்கொண்டார், மச்சினன் தன் தம்பியை. இந்தச் சோற்றுக்கு வரி கொடுத்தவர்கள் ஊட்டுப்புரைக்குள் நுழைய முடியாதவர்கள். நான் இதை மறந்துவிட்டுப் பேச முடியாது.

1891 ஜனவரியில் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவுக்கு ஒரு மனு போயிற்று. மலையாளி மெமோரியல் என்று வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஒப்பிட்டிருந்தார்கள். கே. பி. சங்கர மேனோன் முதல் ஒப்பு. ஜி. பரமேஸ்வரன் பிள்ளை, சி. வி. ராமன் பிள்ளை போன்றவர்கள் பின்னால் நின்று உழைத்தார்கள். நாயர்கள், நம்பூதிரிகள், கிறிஸ்தவர்கள், ஈழவர்கள் என்று பல பிரிவினர் பெயர் அதில் உண்டு. சாராம்சம் ஒன்றுதான்: எங்கள் மண்ணின் பெரிய உத்தியோகங்கள் வெளியிலிருந்து வந்த பிராமணர்களிடம் இருக்கின்றன, படித்த எங்கள் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். திருவிதாங்கூர் திருவிதாங்கூர்க்காரர்களுக்கு.

அந்த மனு என் குடும்பத்துக்கு எதிரானது. அதன் அடிப்படைக் கோரிக்கை நியாயமானது என்று நினைக்கிறேன். இதை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சொல்லிச் சண்டை வாங்கியிருக்கிறேன். ஒரு நாட்டில் பிறந்து, அதன் குளத்தைத் தூர்வாரி, வரி கட்டி, அங்கேயே எரிந்து சாம்பலாகிறவர்களுக்கு, புதிதாக வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பற்றியும் அவர்களுக்குக் கிடைக்கும் இடத்தைப் பற்றியும் கேட்க உரிமை உண்டு. அந்த உரிமையை வெறுப்பு என்று சொல்லி வாயடைப்பது தவறு. நான் பழமையில் பிடிப்புள்ளவன். ஊர் என்பது மெள்ள மெள்ளக் கூடிவந்த பழக்கங்களால் ஆனது, அதைக் கலைப்பது எளிது, மறுபடி சேர்ப்பது கடினம் என்று நம்புகிறவன்.

ஆனால் அந்த மனுவின் இன்னொரு குணத்தைப் பாருங்கள். பத்தாயிரம் பேர் தங்கள் பெயரை, திவான் பார்க்கும் இடத்தில், எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பரமேஸ்வரன் பிள்ளை ஏற்கெனவே திவானைக் கண்டித்து எழுதியதற்காகக் கல்லூரிப் படிப்பை இழந்து சென்னைக்குப் போனவர். அங்கே மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் பத்திரிகையை நடத்தினார். காந்தி தன் சுயசரிதையில் அவரை நன்றியோடு குறிப்பிடுகிறார். தமிழர்கள் மேல் குறை சொன்னவருக்குத் தமிழர்களின் தலைநகரம் இடம் கொடுத்திருக்கிறது. அதேபோல சுதேசாபிமானி பத்திரிகை ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை. திவான் பி. ராஜகோபாலாச்சாரியைத் தாக்கித் தாக்கி எழுதினார். அவர் எழுதியதில் சில வரிகள் எனக்கு இன்றும் கசப்பானவை. 1910 செப்டம்பர் 26 அன்று அவரைக் கைது செய்து, அச்சகத்தையும் பறிமுதல் செய்து, எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வராமலே 1916இல் கண்ணூரில் இறந்தார். குற்றம் சாட்டினார், பெயரைப் போட்டார், விலையைக் கொடுத்தார்.

ஒப்பிட்ட சொல்லுக்கு இன்னொரு நன்மை உண்டு. அதை எழுதியவனிடமே திருப்பிக் கேட்க முடியும். 1891 மனுவில் ஒப்பிட்ட ஈழவர்களில் ஒருவர் டாக்டர் பல்பு. சென்னையில் மருத்துவம் படித்துத் தேறியும் சாதியினால் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு மைசூர் சமஸ்தானத்துக்குப் போனவர். மனுவுக்குப் பிறகு நாயர்களுக்கு ஓரளவு கதவு திறந்தது, ஈழவர்களுக்குத் திறக்கவில்லை. 1896இல் பல்பு 13,176 பேரின் ஒப்போடு ஈழவ மெமோரியலைக் கொடுத்தார். திருவிதாங்கூர்க்காரன் என்றால் யார்? நாங்கள் இல்லையா? பரதேசிகளுக்கு எதிராக எழுந்த வாக்கியம் ஐந்தே ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்களை நோக்கித் திரும்பிவிட்டது. பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் பழைய தாளில் அவர்கள் பெயர் இருந்தது.

அதே 1891இல் இந்த ஊரில் இருந்தவர்களின் இரண்டு புத்தகங்கள் வந்தன. மனுவுக்கு உழைத்த சி. வி. ராமன் பிள்ளையின் மார்த்தாண்டவர்மா, மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். இன்னொன்று மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம். சுந்தரம் பிள்ளையின் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து ஆலப்புழைக்கு வந்து குடியேறியவர்கள். அவர் எழுதிய தமிழ்த்தாய் வணக்கத்தைத் தமிழ்நாடு இன்று மாநிலப் பாடலாக வைத்திருக்கிறது. ஆனால் ஸ்ரீவராகத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு அவருடைய வேறொரு வேலை பெரிதாகத் தெரிகிறது. திருவிதாங்கூர் முழுக்க அலைந்து கல்வெட்டுகளைப் படியெடுத்து, இந்த நாட்டின் பழைய அரசர்களின் வரிசையை நிறுவப் பாடுபட்டார். வந்தேறிக் குடும்பத்துப் பிள்ளை, வந்த இடத்தின் நினைவைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். 42 வயதில் இறந்தார். அவர் மகன் பி. எஸ். நடராஜ பிள்ளை பின்னாளில் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் நிதி அமைச்சர். குடியேறுவது என்றால் இது. தமிழை விடாமலேயே இதைச் செய்ய முடிந்திருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்துக்குப் போனபோது நாங்கள் இங்கேயே தங்கினோம். அதற்கு முன் 1954இல் மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு வரை போன கசப்புகள் இருந்தன. என் அப்பா அதைப் பற்றிப் பேசமாட்டார். சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் கடையைத் திறந்து வைத்தார்கள். ஆ. மாதவன் அந்தக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அதைக் கதையாக எழுதினார். அவ்வளவுதான்.

இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 25 லட்சம் பேர் இருப்பார்கள் என்று குலாத்தி நிறுவனத்தின் ஆய்வு 2013இலேயே கணித்தது. கேரளத்துப் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் போன இடத்தில் அவர்கள் வந்து கான்கிரீட் கலக்குகிறார்கள். சர்க்கார் அவர்களுக்கு அதிதித் தொழிலாளி என்று பெயர் வைத்தது. நல்லெண்ணத்தோடு வைத்த பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அதிதி நாளைக்குப் போகிறவன். அவனிடம் வீட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொள் என்று சொல்லமாட்டோம், கிணறு வற்றினால் அவன் கையில் வாளியைக் கொடுக்கமாட்டோம். அவன் ஒரே கக்கூஸில் பதினெட்டுப் பேரோடு வரிசையில் நிற்பதையும் கேட்கமாட்டோம். விருந்தாளி என்று கொண்டாடும் சொல்லும், பிள்ளை பிடிக்கிறவன் என்று பயமுறுத்தும் சொல்லும், ஒரே வேலையைச் செய்கின்றன: அவன் யார் என்று பார்க்கும் சிரமத்திலிருந்து நம்மை விடுவிக்கின்றன. வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1979இலேயே வந்தது. அதன்படி எண்ணி, பெயரெழுதி, தங்குமிடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருந்தாலே அந்த ஓட்டு வீடு அப்படி இருந்திருக்காது.

பெயரில்லாத சொல் எந்தப் பக்கமும் பாயும். 2017 அக்டோபரில் கோழிக்கோட்டில் அது தொழிலாளர்கள் மேலேயே பாய்ந்தது. உங்கள் ஆட்களை இங்கே கொல்கிறார்கள் என்று அவர்கள் போனுக்கே செய்தி போக, ஓட்டல்களில் வேலை பார்த்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் அதையே பார்த்தோம். வேறெங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் வீடியோக்களைத் திருப்பூரில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று பரப்பினார்கள். பீகார் அரசின் குழு ஒன்று நேரில் வந்து விசாரித்து, அப்படி நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டு போனது. பரப்பியவர்களில் சிலர் மேல் வழக்குப் பதிவானது. முதலில் அதை உருவாக்கியவர் முகத்தை எத்தனை பேர் பார்த்தோம்?

என் அண்ணா பிள்ளை டெக்ஸாஸில் இருக்கிறான். ஹெச்1பி விசாவில் போய், பச்சை அட்டைக்குப் பல வருடம் காத்திருந்து, இப்போது அமெரிக்கக் குடிமகன். ஓட்டுப் போடுவது குடியரசுக் கட்சிக்கு. 2024 செப்டம்பரில், ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைட்டியர்கள் அண்டை வீட்டு நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்ற வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டான். நான் போன் செய்தேன்.

"இதை யார் சொன்னா? பார்த்தவா யாராவது பேர் சொல்லியிருக்காளா?"

"அதை விடுங்கோ சித்தப்பா. அறுபதாயிரம் பேர் இருக்கற ஊர்ல சில வருஷத்துல பன்னெண்டாயிரம், பதினஞ்சாயிரம் பேர் வந்து எறங்கினா ஊர் தாங்குமா? ஆஸ்பத்திரி தாங்குமா? நாங்க வரிசையில நின்னு வந்தவா."

அவன் கேட்டது சரியான கேள்வி. தாங்கும் அளவு என்று ஒன்று எல்லா ஊருக்கும் உண்டு. அமெரிக்கா 1924இல் கதவைச் சாத்தியது, 1946இலிருந்து இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒரு சந்து விட்டது, 1965இல் திறந்தது. திறந்ததால்தான் என் அண்ணா பிள்ளை அங்கே இருக்கிறான். சாத்துவதும் திறப்பதும் அந்த நாட்டு மக்கள் முடிவு செய்ய வேண்டியவை. வாடகை ஏறியதும், மருத்துவமனையில் கூட்டம் நெரிந்ததும், பள்ளியில் மொழி தெரியாத குழந்தைகள் நிரம்பியதும் அந்த ஊரார் பெயர் சொல்லிக் கேட்ட குறைகள். பூனைக் கதை வந்ததும் அந்தக் குறைகளை யாரும் கேட்கவில்லை. வெடிகுண்டு மிரட்டல்கள் வந்து பள்ளிகளை மூடினார்கள். தன் கட்சிக்கு நியாயமான ஒரு வாதம் இருக்கும்போது அதைப் பொய்யிடம் அடகு வைக்கிறாயே என்று அவனிடம் சொன்னேன். பழமையைக் காக்க நினைக்கிறவர்கள்தான் இதற்கு முதலில் கோபப்பட வேண்டும்.

அந்த ஊரில் ஒப்பிட்டவர்களும் இருந்தார்கள். ஒஹையோவின் ஆளுநர் மைக் டிவைன் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர், குடியரசுக் கட்சிக்காரர். ஹைட்டியர்கள் பற்றிய கதை பொய் என்று தன் பெயரில் பத்திரிகையில் எழுதினார். எல்லைக் கொள்கையில் தன் கட்சியோடு உடன்படுகிறேன் என்றும் அதே கட்டுரையில் எழுதினார். இன்னொருவர் ஒரு தகப்பன். 2023 ஆகஸ்டில் ஹைட்டியர் ஒருவர் ஓட்டிய வண்டி பள்ளிப் பேருந்தில் மோதியதில் அவருடைய 11 வயது மகன் இறந்தான். அரசியல்வாதிகள் அந்தச் சாவைத் தூக்கிக்கொண்டு திரிந்தபோது, அவர் நகர சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் பிள்ளையின் பெயரை வெறுப்புக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நான் அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்தேன். பேச அவரைவிட உரிமை உள்ளவர் யாருமில்லை. அவர் மைக்கின் முன்னால் வந்து, பெயரோடு பேசினார்.

அமெரிக்கர்கள் கூடும் பழக்கத்தை இழந்துவிட்டார்கள் என்று ராபர்ட் பட்னம் 2000இல் புத்தகம் எழுதினார். சங்கங்கள், தேவாலயக் குழுக்கள், பந்துருட்டும் கழகங்கள் எல்லாம் ஆளில்லாமல் போயின என்று கணக்குக் காட்டினார். படித்தபோது அது தூரத்துச் சேதி என்று நினைத்தேன். திருவனந்தபுரத்தின் பொது நூலகம் 1829இல் தொடங்கியது. தெருவுக்குத் தெரு வாசகசாலையும், வாசகசாலைக்குள் சண்டையும் இருந்த ஊர் இது. 1946இல் திவான் சி. பி. ராமஸ்வாமி ஐயர் அமெரிக்க மாதிரியில் ஒரு அரசியல் சட்டத்தைக் கொண்டுவரப் பார்த்தபோது, அமெரிக்கன் மாடலை அரபிக்கடலில் எறிவோம் என்று எழுத்தறிவில்லாத கயிற்றுத் தொழிலாளிகூடக் கோஷம் போட்டான். அரசியல் சட்டத்தைப் பற்றித் தெருவில் நின்று பேசிய மக்களின் பேரப்பிள்ளைகள், வழிந்தோடும் செப்டிக் டேங்கைப் பற்றி ஒரு தாளில் பெயரெழுதப் பயப்படுகிறோம். 2024 ஜூலையில் எங்கள் ஊரின் ஆமயிழஞ்சான் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் ரயில் நிலையத்துக்கு அடியில் அடித்துச் செல்லப்பட்டார். அவர் உடல் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அந்தக் குப்பையைப் பெங்காளிகள் போடவில்லை.

வராகக் குளத்துக்கு நான் விடிகாலையில் போவது வழக்கம். சோப்புப் போடக் கூடாது, துப்பக் கூடாது, காலை நனைக்கும் முன் கையால் நீரைத் தொட வேண்டும் என்று தாத்தாவுக்குக் கோயில் காரியக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். அந்த மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள், அந்த ஓட்டு வீட்டுப் பையன் ஒருவன் படியில் தயங்கி நின்றான். கொத்தனாருக்குக் கையாள். அரைகுறை மலையாளத்தில் உள்ளே என்ன சாமி என்று கேட்டான். வராகமூர்த்தி, மடியில் லட்சுமி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அவன் ஜாஜ்பூர்க்காரன், வைதரணி ஆற்றங்கரையில் அவர்கள் ஊரிலும் வராகநாதர் கோயில் இருக்கிறது. நீரைத் தொடுவதைக் காட்டிக்கொடுத்தேன். சோப்பை மேல்படியிலேயே வைத்துவிட்டு இறங்கினான்.

திரும்பி வரும்போது, நான்கு ஒப்போடு மேஜை டிராயரிலேயே கிடந்த மனுவைப் பற்றி அவனிடம் சொன்னேன். டேங்க் வழிவதால் முதலில் அவதிப்படுகிறவர்கள் அவர்கள்தான். காண்ட்ராக்டரிடம் சொல்லிப் பார்த்தோம், வேலை போய்விடும் என்றார் என்றான். சாயங்காலம் அவர்களில் மூத்தவர் ஒருவரோடு வீட்டுக்கு வந்தான். பெரியவர் மனுவைப் படித்துக் காட்டச் சொன்னார். பதினெட்டுப் பேர் என்று எழுதியிருந்ததைப் பத்தொன்பது என்று திருத்தச் சொன்னார். யோசித்தார். எதிரே என் மனைவி வைத்த டீ ஆறிப்போனது. பிறகு பேனாவை வாங்கினார்.

மறுநாள் கார்ப்பரேஷன் அலுவலகத்தில், சுகாதாரப் பிரிவு கிளார்க் தாளை வாங்கி ஒப்புகளை எண்ணினார். ஐந்தாவதில் கண்ணைச் சுருக்கினார். உருண்டை உருண்டையான எழுத்து. மலையாளம் என்று நினைத்துப் படிக்கப் பார்த்து, முடியாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒடியா என்றேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். பென்சிலை எடுத்து, அந்த ஒப்புக்கு நேர் கீழே மலையாளத்தில் பொடியாக எழுதி, ரசீதுக்கு முத்திரை குத்தினார்.